ஆறு விநாடிக்கு ஒரு மூச்சு: பேரழிவுப் படத்தில் பிரமாண்டமும் உறவும்

பேரழிவுப் படத்தின் கதை விவாதத்தில் தவறாமல் வரும் யோசனை ஒன்று உண்டு: "இந்த இடத்துல எமோஷன் கம்மியா இருக்கு, ஒரு சீன் சேர்த்துடலாம்." உடனே, அணை உடைந்து ஊர் மூழ்கி முடிந்ததும் பத்திரமான ஒரு மேட்டில் அப்பாவும் மகளும் உட்கார்ந்து பழைய மனக்கசப்பைப் பேசித் தீர்ப்பார்கள். பேசி முடித்ததும் பாலம் இடியும். பாலம் இடிந்ததும் கணவனும் மனைவியும் பேசுவார்கள். இந்தத் தட்டில் ஒரு கல், அந்தத் தட்டில் ஒரு கல் என்று தராசில் வைத்துக்கொண்டே போவது. காகிதத்தில் படிக்கும்போது சமமாகத்தான் தெரியும். திரையில், பாலம் இடியும்போது பார்ப்பவர் மனிதர்களை மறந்துவிடுகிறார். மனிதர்கள் பேசும்போது அடுத்து எது இடியும் என்று காத்திருக்கிறார்.

எத்தனை சீன் சேர்த்தாலும் இது சரியாகாது. அழிவு ஒரு பக்கம், உறவு ஒரு பக்கம் என்று பிரித்து எழுதியதுதான் கோளாறு. அழிவு வரும் ஒவ்வொரு முறையும், குறிப்பிட்ட இருவருக்கு இடையில் இருக்கும் ஏதோ ஒன்றைப் பறித்துக்கொண்டு போக வேண்டும். வெளிச்சம், காற்று, காலடித் தரை, நேரம், ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்பது என்று ஏதாவது ஒன்று. அது போன பிறகு, இதுவரை தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த ஒரு விஷயத்தை அவர்களால் இனித் தள்ளிப்போட முடியாது.

இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. ஸ்க்ரிப்ட்டில் உள்ள ஒவ்வொரு பெரிய காட்சிக்குப் பக்கத்திலும் ஒரு வரி எழுதுங்கள்: "இதற்கு முன்னால் இவரும் அவரும் இன்னதைச் செய்ய முடிந்தது, இதற்குப் பிறகு முடியாது." அந்த வரியில் இரண்டு பெயர்கள் வர வேண்டும். "ஊர் மக்கள்" என்று எழுதினால் செல்லாது. வரி வரவில்லை என்றால் அந்தக் காட்சியை வேறொன்றோடு சேருங்கள், அல்லது எடுத்துவிடுங்கள். 10 பெரிய காட்சிகளோடு வரும் முதல் டிராஃப்ட்டில் பாதிக்குக்கூட இந்த வரி தேறாது. கவலைப்பட வேண்டாம், முதல் டிராஃப்ட் அப்படித்தான் இருக்கும்.

ஒரு காட்சியை எடுத்து உட்கார்ந்து பிரித்துப் பார்க்கலாம்.

வெள்ளம் சூழ்ந்த ஒரு மருத்துவமனை. மூன்றாம் மாடியில் வென்டிலேட்டரில் ஓர் அப்பா. கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள் மகள். பல வருடம் பேசாமல் இருந்துவிட்டு முந்தின நாள்தான் வந்திருக்கிறான் மகன். ஜெனரேட்டர் தரைக்குக் கீழே இருக்கிறது. தண்ணீர் அங்கே இறங்கியதும் மின்சாரம் போய்விடும். வென்டிலேட்டர் தன்னுடைய பேட்டரியில் கொஞ்ச நேரம் ஓடி, எச்சரிக்கை மணி அடித்து, நின்றுவிடும். அதன் பிறகு மூச்சு கொடுக்க ஒரே வழி, குழாயோடு ஆம்பு பையை மாட்டிக் கையால் அழுத்துவது. குழாய் போட்ட பெரியவர்களுக்கு 6 விநாடிக்கு ஒரு தடவை. ஒவ்வொரு அழுத்தலும் சுமார் 1 விநாடி. மார்பு லேசாக எழும்பினால் போதும், அதற்கு மேல் அழுத்தக் கூடாது. நிமிடத்துக்கு 10, ஒரு மணி நேரத்துக்கு 600. நர்ஸ் ஒருமுறை செய்து காட்டிவிட்டு அடுத்த படுக்கைக்கு ஓடிவிடுவார், அங்கேயும் அதே நிலைமை.

இந்த வேலைக்குள் ஓர் எதிரி ஒளிந்திருக்கிறான். பதற்றம் வந்தால் கை தானாக வேகமாக அழுத்தும். பயிற்சி பெற்றவர்களே செய்கிற தப்பு இது. வேகமாக அழுத்தினால் காற்று முழுதாக வெளியேறாமல் நெஞ்சுக்குள் தங்கும், இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறையும். உதவி செய்வதாக நினைத்தே ஆளைக் கொன்றுவிடலாம். ஆக மகளின் கோபத்தைக் காட்ட வசனமே தேவையில்லை. அண்ணனைப் பார்த்ததும் அவள் கை வேகமெடுக்கிறது. பையின் சத்தத்தை வைத்தே அவனுக்குப் புரிந்துவிடும். "மெதுவா. எண்ணிட்டே அமுக்கு." இரண்டு பேரும் பல வருடம் கழித்துப் பேசும் முதல் பேச்சே எண்களாக இருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று.

இப்போது பிரமாண்டத்தைக் கொண்டுவாருங்கள். எதிரே உள்ள நான்கு மாடிக் கட்டடத்தின் அடித்தளத்தை வெள்ளம் அரித்துவிட்டது, அது சரியப்போகிறது. வழக்கமாக எழுதினால் ட்ரோன் ஷாட், தூசி, அலறல், ஜன்னலில் நின்று வாய் பிளக்கும் அண்ணன் தங்கை. அவர்களிடமிருந்து அது எதைப் பறித்தது என்று கேட்டால் பதில் இல்லை. அதையே இப்படி மாற்றுங்கள்: இரவு, வார்டில் விளக்கு கிடையாது, அந்தக் கட்டடத்தின் மாடியில் எரிந்த அவசர விளக்கு ஒன்றுதான் இந்த அறைக்குள் வெளிச்சம் தந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில்தான் மகள் அப்பாவின் மார்பு எழும்புவதைப் பார்த்துப் பார்த்து அழுத்திக்கொண்டிருந்தாள். கட்டடம் சரிகிறது, விளக்கு போகிறது, அறை இருண்டுவிடுகிறது. மார்பு எழும்புகிறதா என்று இனிக் கண்ணால் பார்க்க முடியாது. யாராவது அவர் நெஞ்சில் உள்ளங்கையை வைத்துத்தான் சொல்ல வேண்டும். தங்கையின் இரண்டு கையும் பையில். அப்பாவைத் தொட்டே பல வருடமான மகன்தான் கையை வைக்க வேண்டும். "வருதா அண்ணா?" "வருது."

கட்டடம் சரிவது இப்போதும் பெரிய காட்சிதான், ஆனால் அந்த ஷாட் முடிகிற இடம் ஓர் உள்ளங்கை. அந்தக் காட்சிக்கான வரியையும் எழுதிவிடலாம்: "இதற்கு முன்னால் மகன் அப்பாவைத் தொடாமலே இருக்க முடிந்தது, இனி முடியாது."

படத்தில் அழிவு எந்த நிமிடத்தில் வர வேண்டும் என்பது அடுத்த கேள்வி. இதற்கு ஒரே விடை கிடையாது. ஆனால் எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு ஒரு விலை உண்டு. 1997-இல் வந்த 'டைட்டானிக்' 3 மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிற படம். கப்பல் பனிப்பாறையில் மோதுவதற்குள் ஏறக்குறைய 100 நிமிடம் போய்விடும். அந்த 100 நிமிடத்தையும் காதலுக்கு ஒதுக்கிவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். காதலைச் சாக்காக வைத்துக் கப்பலைச் சுற்றிக் காட்டியிருக்கிறார்கள் என்பதே சரி. கொதிகலன் அறை, மூன்றாம் வகுப்புத் தாழ்வாரம், பெரிய படிக்கட்டு, முனை, பின்தளம் என்று ஒவ்வோர் இடத்தையும் அந்த இருவரோடு ஒருமுறை கடந்துவிட்டோம். தண்ணீர் வரும்போது எங்கே இருக்கிறோம் என்று நாம் குழம்புவதே இல்லை. அவள் குதிக்கப் போய் அவன் பிடித்து நிறுத்திய அதே பின்தளக் கம்பியைத்தான் கடைசியில் இருவரும் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அதே படத்தில் இன்னொரு கெட்டிக்காரத்தனமும் உண்டு. தொடக்கத்திலேயே, புதையல் தேடுகிறவர்கள் வயதான ரோஸிடம் கப்பல் எப்படி மூழ்கியது என்று கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டுகிறார்கள். முன்பக்கம் அமிழ்கிறது, பின்பக்கம் எழும்புகிறது, நடுவில் முறிகிறது. முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டார்களே என்று தோன்றலாம். அதனால் கிடைத்த லாபம் பெரிது: 2 மணி நேரத்துக்குப் பிறகு நிஜமாக முறியும்போது யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை, ஷாட்கள் மனிதர்களோடேயே இருக்கலாம். பெரிய அழிவில் அறிவியல் விளக்கம் எங்கே வருகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அழிவின் நடுவில் வருகிற ஒவ்வொரு விளக்க வசனமும் ஓர் உறவு வசனத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அழிவை முதலிலேயே வைத்தால் கணக்கு மாறும். 2004 டிசம்பர் 26 சுனாமியை வைத்து எடுத்த 'தி இம்பாசிபிள்' படத்தில் அலை மிகச் சீக்கிரமே வந்துவிடுகிறது. மீதிப் படம் முழுக்கத் தேடல்தான். அப்படிச் செய்யும்போது குடும்பத்தைப் பற்றி நிறையச் சொல்ல நேரம் இருக்காது. யார் யாரைச் சார்ந்திருக்கிறார்கள் என்பதை மட்டும் நிறுவிவிட்டு, அழிவில் அதைத் தலைகீழாக்க வேண்டும். அம்மாவைச் சார்ந்திருந்த பையன் அம்மாவைத் தாங்க வேண்டிவருகிறது. படத்தின் முதல் கால் மணிக்குள் இதற்கு மேல் விதைக்கப் பார்த்தால் எதுவும் முளைக்காது.

1972-இன் 'தி பொசைடன் அட்வென்ச்சர்' இந்தத் தலைகீழாக்கத்தை இன்னும் நுட்பமாகச் செய்த படம். கப்பலே கவிழ்ந்து கிடக்கிறது, தப்பிக்க மேலே, அதாவது கப்பலின் அடிப்பக்கத்துக்கு ஏற வேண்டும். கூட்டத்தில் பருமனான ஒரு வயதான பெண்மணி. ஏறும் இடத்திலெல்லாம் அவருடைய உடல் சுமையாகத் தெரிகிறது, அவருக்கே அந்தக் கூச்சம் இருக்கிறது. பிறகு தண்ணீருக்கு அடியில் நீந்திப் போக வேண்டிய ஓர் இடம் வருகிறது. இளமையில் அவர் நீச்சல் வீராங்கனை. ஏணியில் பாரமாக இருந்த அதே உடல் தண்ணீரில் எல்லாருக்கும் வழிகாட்டுகிறது, அந்த முயற்சியிலேயே அவருடைய இதயம் நின்றும்விடுகிறது. கப்பல் கவிழ்வது, தண்ணீர் ஏறுவது என்ற இரண்டு இயற்பியல் விஷயங்களும் ஒரு பெண்ணுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள உறவை இரண்டு முறை மாற்றுகின்றன. ஆளை எழுதும்போதே, இவருடைய எந்தக் குணம் அல்லது திறமை எந்தச் சூழலில் தலைகீழாகும் என்று ஒரு வரி குறித்து வைத்துக்கொண்டால் இப்படிப்பட்ட இடங்கள் தானாகக் கிடைக்கும்.

நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இயற்கை தனக்கென்று சில இடைவெளிகளை வைத்திருக்கிறது. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவற்றைப் பயன்படுத்துவதில்லை. நிலநடுக்கத்தில் முதலில் வருவது முதன்மை அலை, விநாடிக்குச் சுமார் 6 கி.மீ. அடுத்து வருவது இரண்டாம் அலை, சுமார் 3.5 கி.மீ. பெரிய சேதத்தைச் செய்வது இதுவும் இதன் பின்னால் வரும் மேற்பரப்பு அலைகளும்தான். மையத்திலிருந்து 80 கி.மீ. தள்ளி இருக்கும் வீட்டில் இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 10 விநாடி கிடைக்கும். அலமாரிக் கண்ணாடி லேசாகக் கிணுகிணுக்கும், விளக்கு அசையும், பிறகுதான் வீடு ஆடும். அந்த 10 விநாடியில் ஒருவன் எந்த அறைக்கு ஓடுகிறான்? குழந்தை இருக்கும் அறைக்கா, அம்மா இருக்கும் அறைக்கா? திரையில் 10 விநாடி என்பது நீண்ட நேரம். அதற்குள் அந்தக் குடும்பத்தைப் பற்றி எல்லாம் தெரிந்துவிடும். படங்களில் பார்த்தால் எல்லாம் ஒரே நொடியில் ஆடத் தொடங்கிவிடுகிறது. நல்ல வாய்ப்பு வீணாகிறது.

சுனாமி ஆழ்கடலில் மணிக்கு 700, 800 கி.மீ. வேகத்தில் வரும்; கரையை நெருங்க நெருங்க வேகம் குறைந்து உயரம் கூடும். அது ஒற்றை அலையும் கிடையாது. அடுத்தடுத்த அலைகளுக்கு நடுவே சில நிமிடங்களும் இருக்கலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். முதலாவதுதான் பெரியது என்று நிச்சயமும் இல்லை. தண்ணீர் வடிந்துவிட்டது, இறங்கிப் போய் அவரைத் தூக்கி வருவதா, இங்கேயே இருப்பதா? இந்த ஒரு கேள்வியை வைத்து 20 நிமிடப் படம் எழுதலாம். ஒரே அலையோடு முடித்துக்கொள்கிற ஸ்க்ரிப்ட்டுக்கு அந்த 20 நிமிடம் கிடைக்காது, அதை ஈடுகட்ட வில்லனைத்தான் தேடிப் போக வேண்டிவரும்.

நார்வேயில் 2015-இல் வந்த 'தி வேவ்' மலைச்சரிவால் எழும் அலையைப் பற்றிய படம். சைரன் ஒலித்ததிலிருந்து 10 நிமிடம்தான். குடும்பம் இரண்டு இடத்தில் பிரிந்திருக்கிறது. அப்பாவும் மகளும் வேறிடத்தில், அம்மா ஓட்டலில். மகன் அதே ஓட்டலின் கீழ்த்தளத்தில், காதில் ஹெட்ஃபோனோடு ஸ்கேட்போர்டில் சுற்றிக்கொண்டிருக்கிறான். சைரன் அவன் காதில் விழவே இல்லை. ஊரை விட்டுப் போவதில் அவனுக்கு இருக்கும் வருத்தம், அதனால் தனியாக ஒதுங்கியது, அதனால் ஹெட்ஃபோன், அதனால் அம்மா தேடி அலைவது, அதனால் பறிபோகும் நிமிடங்கள். உறவில் ஏற்பட்ட சின்னப் பிசகு நேராக 10 நிமிடக் கணக்கில் கழிகிறது. இந்தச் சங்கிலி அறுந்துபோகிற படங்களில் பையன் வெறுமனே "காணாமல்" போவான். தேடுவதில் பதற்றம் இருக்கும், வலி இருக்காது.

'கிரீன்லாந்து' (2020) படத்தில் இந்த வேலையை ஒரு சின்னப் பொருள் செய்கிறது. மகனுக்குச் சர்க்கரை நோய். இன்சுலின் காரிலேயே தங்கிவிடுகிறது. எடுக்கப் போகும் அப்பா குடும்பத்தைவிட்டுப் பிரிகிறார். குடும்பத்தைப் பிரித்து இரண்டு தடமாகக் கதை சொல்லும்போது பெரிய ஆபத்து, இருவரும் ஒரே ஃப்ரேமில் இல்லாததால் உறவே திரையிலிருந்து மறைந்துவிடுவது. ஒரு தடத்தில் இருப்பவர் கையில் மற்றவருக்குத் தேவையான பொருள் இருந்தால் மற்றவர் ஒவ்வொரு ஷாட்டிலும் இருக்கிறார். மருந்து, சாவி, கண்ணாடி, காது கேட்கும் கருவி, எதுவானாலும் உள்ளங்கையில் அடங்குவதாக இருக்கட்டும்.

எத்தனை பேர் என்பதில் பெரும்பாலும் ஆள் எண்ணிக்கையை எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியது ஜோடிகளை. 5 பேர் இருந்தால் அவர்களுக்குள் 10 ஜோடி, 8 பேர் என்றால் 28 ஜோடி. இரண்டு மணி நேரப் படத்தில் அழிவே 40 நிமிடம் எடுத்துக்கொள்ளும். மீதியில் 3 உறவுகளை ஆழமாகச் சொல்லலாம், 4 என்றால் மூச்சு முட்டும். மற்றவர்களை ஒரு வேலை, ஒரு மனப்பாங்கு என்று நிறுத்திக்கொள்ளுங்கள். அவர்கள் சாகும்போது மெதுவாக ஓடும் ஷாட்டையும் சோக இசையையும் போட்டால் அது பொய்யாகப்படும். முன்னால் முதல் போடாமல் பின்னால் வட்டி கேட்பது போல.

சாவைப் பற்றி ஒரு குறை. பிரிந்த மனைவியின் புதுத் துணைவர் ஒருவர் இந்த வகைப் படங்களில் வருவார். நல்லவராக இருந்தால் தியாகம் செய்து சாவார், கெட்டவராக இருந்தால் கோழையாகச் சாவார். எப்படியும் பழைய தம்பதி சேர வழி விட்டுவிடுவார். குடும்ப நீதிமன்றம் தீர்க்க வேண்டிய வழக்கைப் பூகம்பம் தீர்த்துவைக்கிறது. அந்த மனைவி எந்த முடிவும் எடுக்க வேண்டியதில்லாமல் போவதால் அந்த உறவு அங்கேயே செத்துவிடுகிறது. அவரை உயிரோடு விடுங்கள். கடைசிக் காட்சியில் மூன்று பேரும் ஒரே முகாமில் போர்வைக்கு வரிசையில் நிற்கட்டும், எழுதுவதற்கு அங்கேதான் விஷயம் இருக்கிறது.

இனிப் படப்பிடிப்பு. காகிதத்தில் சரியாக இருந்த காட்சி திரையில் தோற்பதற்குப் பெரும்பாலும் வேகமே காரணம். 80 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஒரு பொருள் தரையைத் தொட 4 விநாடி ஆகும். 20 மீட்டர் என்றால் 2 விநாடி. கிராஃபிக்ஸில் காட்சியைச் சூடாக்க வேண்டும் என்று விழுவதை வேகப்படுத்திவிடுவார்கள். உடனே கண்ணுக்குக் கட்டடம் பொம்மையாகிவிடும். சின்ன மாடல்களை வைத்து எடுத்த காலத்திலிருந்தே இதற்குக் கணக்கு இருக்கிறது: மாடல் நாலில் ஒரு பங்கு அளவென்றால் விநாடிக்கு 24 ஃப்ரேமுக்குப் பதில் 48, பதினாறில் ஒரு பங்கென்றால் 96. மாடல் எத்தனை மடங்கு சின்னதோ அதன் வர்க்கமூலத்தால் 24-ஐப் பெருக்க வேண்டும். தண்ணீரை மட்டும் இதனாலும் ஏமாற்ற முடியாது, துளியின் அளவு சுருங்காது என்பதால் மிகச் சின்ன மாடலில் அலை எடுத்தால் காட்டிக்கொடுத்துவிடும். உறவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், அந்த 4 விநாடிதான் முகத்துக்கான இடம். விழத் தொடங்குவதைக் காட்டி, அண்ணாந்து பார்க்கும் முகத்துக்கு வந்து, அவர் யாரைத் தேடித் திரும்புகிறார் என்பதைக் காட்டி, பிறகு தரையைத் தொடுவதற்குப் போகலாம். ஒன்றரை விநாடியில் விழுந்துவிட்டால் முகம் நுழையவே வழி கிடையாது.

சத்தத்திலும் இதே மாதிரி ஓர் இடம் உண்டு. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஒரு கி.மீ. தள்ளி வெடிப்பு நடந்தால் ஒளி உடனே தெரியும், சத்தம் 3 விநாடி கழித்து வரும். அந்த அமைதியான 3 விநாடியில் இருவர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலான படங்கள் சத்தத்தை ஒளியோடு ஒட்டிவிடுவதற்குப் பழக்கத்தைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

எல்லா ஒலிகளையும் சேர்த்துக் கலக்கும் மிக்ஸிங்கில் நடப்பது இன்னும் கொடுமை. வசனம் தெளிவாகப் புரிய 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி முக்கியம். கண்ணாடி உடைவது, உலோகம் கிறீச்சிடுவது, கூட்டத்தின் அலறல் எல்லாம் அதே இடத்தில்தான் வந்து உட்காரும். அங்கே எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு வசனத்தைச் சத்தமாக வை என்றால், நடிகர் கத்துவது மட்டும் கேட்கும், என்ன சொன்னார் என்று தெரியாது. பேச்சு வரும் இடத்தில் அழிவை 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறக்குங்கள். இருக்கை அதிரும், பேச்சும் கேட்கும். 1974-இல் 'எர்த்க்வேக்' படத்துக்கு சென்சரவுண்ட் என்று தனிப் பெட்டிகளை வைத்து அரங்கையே அதிர வைத்ததும் இந்தத் தாழ்ந்த ஒலியால்தான். ஆர்.ஆர். (பின்னணி இசை) போடுகிறவரிடமும் முன்பே பேசிவிட வேண்டும்: தாழ்ந்த பகுதியை அழிவு எடுத்துக்கொள்கிற இடத்தில் தந்தி இசையும் அங்கேயே இறங்கினால் இரண்டும் குழம்பிச் சேறாகிவிடும்.

வசனமும் அதற்கேற்பச் சுருங்க வேண்டும். ஆபத்தின் நடுவில் மனிதர்கள் பாவமன்னிப்புக் கேட்பதில்லை, வேலை சொல்கிறார்கள். "கயித்தைப் பிடி." "கீழ பாக்காத." "பையனை எங்கிட்ட கொடு." நாலு சொல்லுக்கு மேல் போனால் நம்பகம் குறைந்துவிடும். உறவு இருக்க வேண்டிய இடம் அந்த ஏவலுக்குள். இத்தனை நாளும் "நீங்க" என்று விலக்கி வைத்த மருமகனை மாமியார் முதன்முறையாக "டேய், குனிடா" என்றால் போதும், அரைப் பக்க சமாதான வசனம் வேண்டாம்.

க்ரீன் மேட்டுக்கு (பிறகு கிராஃபிக்ஸ் சேர்க்க விரிக்கும் பச்சைத் திரைக்கு) முன்னால் எடுக்கும் ரியாக்‌ஷன் ஷாட்தான் இந்த வகைப் படத்தின் பெரிய பலவீனம். ஐந்து நடிகர்கள் ஐந்து உயரத்தில் பார்ப்பார்கள், ஐந்து விதமாகப் பயப்படுவார்கள். செட்டில் ஒரு கழியில் குறி கட்டி, அலையின் உச்சி இங்கே, வரும் திசை இது என்று எல்லாருக்கும் ஒரே புள்ளி கொடுங்கள். ப்ரீவிஸை (காட்சியின் கம்ப்யூட்டர் முன்னோட்டத்தை) ஒரு மானிட்டரில் ஓட்டிக் காட்டுங்கள், ஸ்பீக்கரில் அதன் சத்தத்தைப் போடுங்கள், எண்ணிக்கை சொல்லுங்கள்: இரண்டில் தெரிகிறது, ஐந்தில் மறைக்கிறது, ஏழில் அடிக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொருவரிடமும் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: அலையைப் பார்த்த பிறகு நீ யாரைப் பார்க்கிறாய்? எல்லாரும் அலையையே பார்த்துக்கொண்டிருந்தால் அது கூட்டம். ஒவ்வொருவரும் வேறொருவரைத் திரும்பிப் பார்த்தால் அது குடும்பம்.

முகம் எடுத்துப் பல மாதம் கழித்துத்தான் கிராஃபிக்ஸ் முடிந்து வரும். அழகாக வந்திருக்கிறதே என்று 3 விநாடி அலையை 7 விநாடியாக நீட்டுவார்கள். முகமோ 3 விநாடிப் பயத்தோடு நிற்கும், ஒட்டாது. எடிட்டிங்கில் முகத்தின் நீளத்தை முதலில் பூட்டிவிட்டு, முன்னும் பின்னும் 8 முதல் 12 ஃப்ரேம் மட்டும் கூடுதலாகக் கொடுத்து விஎஃப்எக்ஸ் (காட்சி விளைவு) குழுவுக்கு அனுப்புவது நல்லது. கேமரா எங்கே நிற்கிறது என்பதையும் அப்போதே பூட்டுங்கள். ஒரு மனிதன் நிற்க முடிகிற இடத்தில் கேமரா நின்றால் பார்ப்பவரும் அங்கே நிற்பார். இடியும் மாடிகளுக்கு நடுவே பறந்து போகிற கேமராவுக்கு ஆபத்து எதுவும் கிடையாது, அதோடு போகிறவருக்கும் கிடையாது.

செலவு கையை மீறினால் முதலில் வெட்டுப்படுவது உறவு சீன்கள்தான். படப்பிடிப்பு நாள் குறையும் என்று. 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' (2023) சுமார் 610 விஎஃப்எக்ஸ் ஷாட்களை 35 பேர் கொண்ட சிறிய குழுவோடு முடித்து, 2024-இல் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கரையும் வாங்கியது. இயக்குநரே விஎஃப்எக்ஸ் மேற்பார்வையாளர் என்பதால் எந்த ஷாட் கதைக்குத் தேவை என்று முடிவெடுக்க இரண்டு அலுவலகம் ஏறி இறங்க வேண்டியிருக்கவில்லை. அப்படி அமையாத படங்களில், மேலே சொன்ன ஒற்றை வரிப் பட்டியலை விஎஃப்எக்ஸ் மேற்பார்வையாளர் கையிலும் கொடுத்துவிடுங்கள். எந்த ஷாட்டைக் குறைக்கலாம் என்று அவருக்கே தெரிந்துவிடும்.

அந்த மருத்துவமனைக்கே திரும்பலாம். இரண்டாம் மாடி ஜன்னலுக்குப் படகு வந்துவிட்டது. அப்பாவைப் படுக்கை விரிப்போடு நாலு பேர் தூக்கி ஒரு மாடி இறக்க வேண்டும். இறங்கும்போதும் பை நிற்கக் கூடாது, படிக்கட்டின் திருப்பத்தில் அழுத்துகிறவர் பின்பக்கமாக நடக்க வேண்டும். படகில் நோயாளியோடு ஒருவருக்குத்தான் இடம். இத்தனை நாள் பார்த்துக்கொண்டவள் தங்கை, போக வேண்டியவள் அவள்தான். ஆனால் அவள் விரல்கள் மரத்துவிட்டன, தாளம் தப்புகிறது. அண்ணன் கையில் இன்னும் பலம் இருக்கிறது. "நீ போ அண்ணா. எண்ணிட்டே போ." படகு நகர்கிறது. அவன் எண்ணுவது தண்ணீர்ச் சத்தத்தில் தேய்ந்து தேய்ந்து மறைகிறது. ஜன்னல் விளிம்பில் நிற்கும் அவளுடைய வெறுங்கை 6 விநாடிக்கு ஒருமுறை மூடித் திறந்துகொண்டே இருக்கிறது.

ஷெட்யூலில் ஒரு நாள் குறைந்துவிட்டால், எதிர்க் கட்டடம் சரியும் வைட் ஷாட்டை விட்டுவிடலாம். விளக்கு அணைவதும், அடியிலிருந்து வரும் அதிர்வும், ஜன்னலில் வந்து படியும் தூசியும் இருந்தால் அந்தக் காட்சி நிற்கும். கை மூடித் திறக்கும் க்ளோஸப்பை முதல் நாளே எடுத்து வைத்துவிடுங்கள். அதற்கு ஒரு ஜன்னலும் ஒரு விளக்கும் போதும்.